பகல் பதினொரு மணிக்கு அம்மா ஏன் தூங்குகிறார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டித் தெற்கே போனீர்களானால் போர்டுகள் கண்ணில் பட ஆரம்பிக்கும். முதியோர் இல்லம், சீனியர் லிவிங், அசிஸ்டெட் கேர், இன்னும் என்னென்னவோ பெயர்கள். மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரையே கொஞ்சம் கொஞ்சமாக வயசானவர்களின் விலாசமாக மாறிக்கொண்டிருக்கிறது. விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். கடல் காற்று. தென்னந்தோப்பு. சுத்த சைவச் சாப்பாடு. பக்கத்திலேயே கோயில். ஏ.சி. அறை. எல்லாம் சரி. இதில் ஒரு வரிகூட அங்கே தங்கப்போகிறவருக்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. செக்கில் கையெழுத்துப் போடப்போகிற உங்களுக்காக எழுதப்பட்டவை.

ஒரு அம்மாளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பது வருஷம் செங்கல்பட்டில் ரயில் சத்தத்தோடு வாழ்ந்தவர். இப்போது டிமென்ஷியா. சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘யாருப்பா நீ?’ என்கிறார். சாயங்காலம் ஆனால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசற்படியில் வந்து நிற்கிறார். இவருக்கு எதற்குக் கடல்? ராத்திரி பூரா இரைகிற அந்தச் சத்தம் அவருக்குப் புதுசு, பயம்தான் வரும். பின்பக்க கேட் திறந்து கிடந்தால் நேரே தண்ணீரை நோக்கி நடக்கவும் கூடும். கடல் பிடிப்பது உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும்போது அப்படியே மாமல்லபுரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்கிற சௌகரியமும் உங்களுக்கு.

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘பெற்றவர்களை இல்லத்தில் சேர்க்காதே’ என்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. சேர்க்க வேண்டிய நிலை வந்தால் தலை நிமிர்ந்து சேருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள். நம்ம ஊரில் நடப்பது தலைகீழ். தலையைக் குனிந்துகொண்டு, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு சேர்க்கிறோம்.

ஏன்? வெட்கம்.

‘ஏம்ப்பா, பெத்த தாயை ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டியாமே?’ என்று கேட்கச் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நம்ம சினிமாவில் முதியோர் இல்லம் என்றாலே பிள்ளை அயோக்கியன், மருமகள் ராட்சசி, பின்னணியில் வயலின். கேள்வி கேட்கிற பெரிய மனுஷர்களில் ஒருத்தராவது ‘ஒரு ராத்திரி நான் வந்து பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க’ என்று சொன்னதுண்டா? மூன்று மணிக்கு எழுந்து கேஸ் அடுப்பைத் திறந்துவிடுகிறவரை, தன் மகளையே திருடி என்று தெருவைக் கூட்டுகிறவரை, டயாபரைக் கழற்றி எறிகிறவரை இருபத்திநாலு மணி நேரமும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு பெண். மகள், இல்லாவிட்டால் மருமகள், இல்லாவிட்டால் எழுபது வயசு மனைவி. அவர் உடம்பு ஒடிந்து விழுந்த பிறகுதான் ‘ஹோம்’ என்கிற வார்த்தையே வீட்டில் எழுகிறது. அதைச் சொன்னதற்கும் அவருக்கே திட்டு.

இது நாலு வீட்டுச் சங்கதியும் இல்லை. இந்தியாவில் 60 வயசுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பதிமூன்று, பதினான்கு முதியவர்களில் ஒருவர். உங்கள் தெருவிலேயே இருப்பார். வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம்முடைய இந்த வெட்கம்தான் மோசமான இல்லங்களின் முதலீடு. வெட்கப்படுகிறவன் ரகசியமாகத் தேடுவான். நாலு பேரிடம் விசாரிக்க மாட்டான். அவசரமாகச் சேர்ப்பான். சேர்த்த பிறகு குற்ற உணர்ச்சியில் அடிக்கடி போக மாட்டான். போனால் மனசு கஷ்டப்படுமாம். அம்மாவின் முழங்கையில் ஒரு காயத்தைப் பார்த்தால்கூட, ‘நாமதானே கொண்டுவந்து விட்டோம், இப்ப என்ன கேக்கறது’ என்று வாயை மூடிக்கொள்வான். அங்கே வசிக்கிறவரோ புகார் சொல்ல முடியாதவர். நேற்று யார் அடித்தார்கள் என்பது இன்றைக்கு அவருக்கு நினைவில்லை. சொன்னாலும் ‘அவங்களுக்குத்தான் புத்தி சரியில்லையே’ என்று தள்ளிவிடலாம். அனுபவிக்கிறவருக்குப் பேச முடியாது, பணம் கட்டுகிறவருக்குப் பேச வெட்கம். இப்படி ஒரு வியாபாரம் வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும், சொல்லுங்கள்?

இதன் விலை என்ன என்று நமக்குத் தெரியும். மூன்று முறை பார்த்தாயிற்று.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்ற பெயரில் ஓடிய ஒரு கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க சோதனை, சீல், உச்ச நீதிமன்றம் எல்லாம்.

2018 பிப்ரவரி, உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரம். அன்றைக்கு அதுவும் சதுரங்கப்பட்டினமும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு பிணத்தையும் உயிரோடிருந்த முதியவர்களையும் காய்கறியோடு சேர்த்து ஏற்றி வந்த ஒரு வேனை ஜனங்கள் மடக்கினார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்கான அந்த இல்லத்துக்குள் அதிகாரிகள் போனார்கள். இறந்தவர்களை கான்கிரீட் அறைகளில் அடுக்கி வைக்கும் வழக்கம் வெளியே வந்தது. உரிமம் காலாவதியாகியிருந்தது என்றார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. தங்கியிருந்தவர்களை பஸ் பஸ்ஸாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள்.

2023 பிப்ரவரி, விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர். அன்பு ஜோதி ஆசிரமம். வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் தங்கள் வீட்டு முதியவரை அங்கே சேர்த்திருந்தது. பிறகு பார்க்கப் போனால் ஆளைக் காணோம். பெங்களூருக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். பெங்களூரிலும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் போலீஸ் உள்ளே நுழைந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். முறையான உரிமம் இல்லை என்று அப்போதுதான் அதிகாரிகளுக்கே ‘தெரிந்தது’.

மூன்றிலும் ஒரே கதை. விபத்து, பிணம், கோர்ட்டு என்று ஏதோ ஒன்று கதவைத் திறந்தது. மாதா மாதம் போய்ப் பார்க்க வேண்டிய அரசாங்கம் கதவைத் திறக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்குகிற மாதிரி இல்லம் அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. கவனியுங்கள்: அமைக்க வேண்டும் இல்லை, அமைக்க‘லாம்’. இந்த ஒரு ‘லாம்’ போதாதா, பைலை மூடி வைக்க? தனியார் இல்லங்களைக் கட்டாயம் பதிவு செய்யணும், குறைந்தபட்சத் தரம் வேணும் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிலைக்குழுவுக்குப் போயிற்று. அப்படியே உறங்கிற்று. 2024ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி. முதியவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. டிமென்ஷியா வந்தவர் பூத்துக்கு வரமாட்டார் என்பது நம்ம எம்.பி.க்களுக்குத் தெரியாதா என்ன!

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவு. நினைவாற்றல் பெரிய அளவில் கெட்டு, தீர்மானிக்கும் திறன் குலைவதும் அதன் வரையறைக்குள் வருகிறது. அப்படிப்பட்டவர்களைப் பராமரிக்கிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டுப்படுத்தலாம். அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். முக்கியமாக, ‘ஆள் பத்தலை சார்’ என்பதை ஒரு காரணமாகச் சொல்லவே கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எத்தனை இல்லங்களில் இதைப் படித்திருப்பார்கள்? எத்தனை மகன்கள் படித்திருப்பார்கள்?

சரி, அரசாங்கம் திருந்துகிற வரை அம்மா காத்திருக்க மாட்டார். உங்களுக்கு இந்த மாசமே இடம் வேண்டும். அப்படியானால் போய்க் கேளுங்கள். பிரவுச்சரை மேஜை மேல் வைத்துவிட்டு இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேர் முழித்திருப்பார்கள்? பகலில் எல்லா இடமும் பளபளவென்றுதான் இருக்கும். டிமென்ஷியாவுக்குப் பகல் ராத்திரி தெரியாது. நாற்பது பேருக்கு ஒரு ஆயா, அவரும் பாயை விரித்துப் படுத்துவிட்டார் என்றால், கட்டிப்போடாமல் அந்த இரவைக் கடத்த முடியாது. அதோடு, ஆயாவுக்கு என்ன சம்பளம், எத்தனை மாசமாக வேலையில் இருக்கிறார் என்றும் கேளுங்கள். மூணு மாசத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இடத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது.

இரண்டு, சாப்பாடு ஊட்டுவது யார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். விழுங்கச் சிரமப்படுகிற ஒருவருக்குப் பொறுமையாக ஊட்டினால் அரை மணி நேரம் ஆகும். அப்படி இருபது பேர், ஊட்டுவதற்கு இரண்டு ஆயாக்கள் என்றால் ஒரு வேளைக்கு ஐந்து மணி நேரம். மூணு வேளைக்குப் பதினைந்து மணி நேரம். நடக்கிற காரியமா? அப்புறம் என்ன ஆகும்? வாயில் திணிப்பார்கள். புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். நிமோனியா என்று சர்ட்டிபிகேட் வரும். நீங்களும் ‘வயசாச்சு’ என்று சொல்லிக்கொள்வீர்கள்.

மூன்று, என்னென்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது? அம்மா பகல் பதினொரு மணிக்கு நாற்காலியில் தலை தொங்கித் தூங்குகிறார் என்றால், ‘பாவம், அமைதியா இருக்காங்க’ என்று சந்தோஷப்படாதீர்கள். இப்போதெல்லாம் கட்டிப்போடக் கயிறு வேண்டியதில்லை, மாத்திரை போதும். மனநோய்க்கான சில மருந்துகளை டிமென்ஷியா வந்த முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2005ல் எச்சரித்தது, 2008ல் அந்த எச்சரிக்கையைப் பழைய ரக மருந்துகளுக்கும் நீட்டியது. சில சமயம் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு டாக்டர் கொடுக்க வேண்டி வரலாம். நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆனால் எந்த மருந்து, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நான்கு, நான் எப்ப வேணா வரலாமா? ‘முதல் ஒரு மாசம் வராதீங்க சார், அவங்க செட்டில் ஆகட்டும்’ என்று சொன்னால், ‘ஞாயிறு மூணுலேர்ந்து அஞ்சு மட்டும்’ என்று சொன்னால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். போர்வையை விலக்கி இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்பதை அந்தத் தோல் சொல்லிவிடும்.

ஐந்து, அவசரம் என்றால் என்ன செய்வீர்கள்? சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். ராத்திரி ஆம்புலன்ஸில் கூடப் போகிறவர் யார்? 2004 சுனாமி இந்தக் கரையில் கல்பாக்கம் டவுன்ஷிப்பையும் குப்பங்களையும் அடித்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்ட எல்லை இருக்கிறது. ‘ஓடு’ என்றால் என்னவென்றே புரியாத நாற்பது பேரை எந்த வண்டியில், எங்கே கொண்டுபோவார்கள்? எழுதி வைத்த திட்டம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கடல் காற்றை விளம்பரம் செய்கிறவர் கடலுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஆறு, நோய் முற்றினால் வைத்துக்கொள்வீர்களா? சீனியர் லிவிங் ஒப்பந்தங்களில் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்’ என்று ஒரு வரி இருக்கலாம். லட்சக்கணக்கில் டெபாசிட் கட்டியாயிற்று, அப்பாவுக்கு மறதி வந்ததும் ‘கூட்டிட்டுப் போயிடுங்க’ என்பார்கள். டெபாசிட் எப்போது திரும்ப வரும் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

‘இவ்வளவு கேட்டா எடமே தரமாட்டாங்க சார்’ என்பீர்கள். தராதவர் தராமலே இருக்கட்டும். அந்த மறுப்பே ஒரு பதில்தான். நல்ல இல்லங்கள் இருக்கின்றன. கொச்சியில் 1992ல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் போன்றவர்கள், சென்னையில் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் டிமென்ஷியா பற்றி வருஷக்கணக்காக மாரடித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லது செய்கிறவர்கள் கேள்விக்குப் பயப்படுவதில்லை. உங்களையே பதிலுக்குக் கேட்பார்கள்: அம்மா என்ன வேலை பார்த்தார்? காபியா, டீயா? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? எந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவார்? இந்தக் கேள்விகளைக் கேட்கிற இடம் தேறும். ஆதார் ஜெராக்ஸும் அட்வான்ஸும் மட்டும் கேட்கிற இடம் தேறாது.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009ல் ஹோகவெய்க் என்று ஒரு சின்னக் கிராமமே டிமென்ஷியாக்காரர்களுக்காகத் திறந்தார்கள். ஆறேழு பேருக்கு ஒரு வீடு. நடுவில் கடை, ஹோட்டல், தியேட்டர். அவரவர் பழகிய வாழ்க்கை முறைக்கு ஏற்ற வீடு. நடந்து திரியலாம், தொலைந்துபோக முடியாது. அதற்குப் பணம் கொடுப்பது பிரதானமாக அந்த நாட்டின் கட்டாய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. அந்தக் கட்டிடத்தை இங்கே காப்பியடிக்க முடியாது, தெரியும். ஆனால் ஆளை ஆளாகப் பார்ப்பதற்குக் காப்பீடு தேவையில்லை. அதே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் இன்னும் நிற்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். செத்துப்போன தன் ஆட்களின் பெயரைக்கூடக் கல்லில் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நாம் உயிரோடு இருப்பவரை ‘ஏழாம் நம்பர் பெட்’ என்று கூப்பிடுகிறோம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. இங்கிலாந்தில் 2009ல் தொடங்கிய கேர் குவாலிட்டி கமிஷன் என்று ஒரு அமைப்பு ஒவ்வொரு இல்லத்தையும் சோதித்து மார்க் போடுகிறது. அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2015 ஏப்ரலிலிருந்து அந்த மார்க்கை இல்லத்து வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். அங்கேயும் தப்பு நடக்காமல் இல்லை. ஆனால் தப்பு நடந்தால் யார் கடைசியாகப் போய்ப் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்க ஒரு காகிதம் இருக்கிறது. பரோட்டாக் கடையில்கூட உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டச் சொல்கிற நாடு நம்முடையது. அம்மாவை ஒப்படைக்கிற இடத்தில் ஒரு காகிதம் மாட்டச் சொல்லக் கூடாதா? செங்கல்பட்டு மாவட்டத்தில் எத்தனை இல்லங்கள், எதற்கு உரிமம் இருக்கிறது, கடைசியாகச் சோதித்த தேதி என்ன? இந்த மூன்றையும் போட்டு ஒரு பட்டியலை கலெக்டர் ஆபீஸ் சுவரில் ஒட்ட எத்தனை கோடி வேண்டும்? ஒரு டப்பா பசை வேண்டும்.

அது வருகிற வரை சோதனை அதிகாரி நீங்கள்தான். வாரம் ஒருமுறை போங்கள். முடியாவிட்டால் தம்பியை, தங்கையை, பக்கத்து வீட்டுக்காரரை மாற்றி மாற்றி அனுப்புங்கள். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் வந்து அம்மா பக்கத்தில் உட்காரட்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். ‘எங்க அம்மாவை ஹோம்ல சேர்த்திருக்கோம், இந்த இந்தக் காரணத்துக்காக’ என்று சொந்தக்காரர்களிடம் உரக்கச் சொல்லுங்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். நாலு பேர் வந்து போகிற வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்போடத் துணிய மாட்டார்கள்.

நீங்கள் யார் என்பது அம்மாவுக்கு மறந்துபோயிருக்கலாம். இல்லத்துக்காரருக்கு மறக்கக் கூடாது.